பூச்சி பிடிக்கப் போன கதை

(மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பிரிவு)

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது ஒரு காதல் கவிதை கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஏற்கனவே பதினேழு காதல் கவிதைகள் வந்து குவிந்து கிடக்கின்றனவாம். "உன் பூச்சிக் கதையை எழுதேன்" என்றார்கள். எங்கள் பிரிவில் எனக்கு இப்போது 'பூச்சி' என்றுதான் பெயர். அட்டெண்டன்ஸ் எடுக்கும் சார் ஒருவரைத் தவிர வேறு யாரும் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதில் சொல்லிக்கொள்ளும்படி பெருமை எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

என் சொந்த ஊர் கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றதும் எல்லோரும் சினிமா வசனம் பேசிக் காட்டுகிறார்கள் (ஹாஸ்டலில் முதல் வருஷம் பூராவும் இதே ரோதனை). நான் சொல்வது அந்த ஊர் இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, கடைசியில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டதே, அந்த ஊர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள்தான் உள்ளே இறங்கினார்கள். என் தாத்தாவின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். நாங்கள் இன்னும் லைன் வீட்டில்தான் இருக்கிறோம்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மேடு தெரியும். கல்லை மாவாக அரைத்து, அதிலுள்ள தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய தூளை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'சயனைடு மேடு' என்போம். மொத்தம் 13 மேடுகள், 3 கோடியே 30 லட்சம் டன் என்று கணக்கு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கோடைக் காற்றில் தூள் பறக்கும்போது பாட்டி சோற்றுப் பானையை இரண்டு தட்டு போட்டு மூடுவார். மழைக்காலத்தில் மேட்டின் விலாவை அரித்துக்கொண்டு தண்ணீர் இறங்கி எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கிற கால்வாயில் சேரும். கால்வாய் ஓரத்தில் ஒரு அத்தை கீரை போட்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஐந்தாவது செமஸ்டரில் செமினார். சார் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். பக்கத்தில் இருந்தவனுக்கு 'சோலார் வாட்டர் ஹீட்டர்' வந்தது. எனக்கு 'சுரங்கக் கழிவும் ஆற்றுப் பூச்சிகளும்'. வகுப்பே சிரித்தது. கெமிக்கல் படிக்க வந்தவன் பூச்சி பிடிப்பதா? "சார், மாத்திக் கொடுங்க சார்" என்று ஸ்டாஃப் ரூம் வரை போய்க் கெஞ்சினேன். "உங்க ஊரே மைன்ஸ் ஊராச்சேடா!" என்று அனுப்பிவிட்டார்.

வேண்டா வெறுப்பாகத் தேட ஆரம்பித்ததுதான். மூன்றே நாளில் விடிய விடியப் படிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. காரணம், அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் உள்ள பியூட் என்ற ஊர். படிக்கப் படிக்க எங்கள் ஊரையே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. அங்கே 1864-இல் தங்கம் தேடித்தான் வந்தார்கள். பிறகு வெள்ளி, அதன் பிறகு செம்பு. மின்சாரக் கம்பிக்குச் செம்பு கேட்டு உலகமே அலைந்த காலத்தில் 'பூமியிலேயே பணக்கார மலை' என்று அதற்குப் பட்டப்பெயர். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிகள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள், அந்த ஊருக்கும் போனார்கள். தாதுவை உருக்க 1883-இல் பக்கத்திலேயே அனகோண்டா என்று ஓர் ஊரைக் கட்டினார்கள். (பாம்பு இல்லை, ஊர்!) அங்கே நிற்கிற புகைபோக்கி 585 அடி உயரம். உலை 1980-இல் மூடப்பட்ட பிறகும் அது மட்டும் நிற்கிறது, எங்கள் ஊர் ஷாஃப்ட் கோபுரங்கள் மாதிரியே.

பெர்க்லி பிட் என்று 1955-இலிருந்து 1982 வரை தோண்டிய திறந்தவெளிக் குழி ஒன்றும் அங்கே இருக்கிறது. பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஊறி, அமிலமும் உலோகமும் கலந்த ஏரியாகிவிட்டது. 1995-இல் அந்த ஏரியில் வந்து இறங்கிய வெண்வாத்துக் கூட்டத்தில் 342 பறவைகள் செத்துக் கிடந்தன. எங்கள் ஊரிலும் பம்பு நின்றதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது.

விஷயம் ஆற்றில் இருக்கிறது. பியூட்டின் கழிவு முழுவதும் சில்வர் போ ஓடையில் விழுந்து, அங்கிருந்து கிளார்க் ஃபோர்க் ஆற்றுக்குப் போனது. 1908-இல் பெருவெள்ளம். கரையோரம் கொட்டிக் கிடந்த கழிவை அப்படியே வாரிக்கொண்டு போய், அப்போதுதான் கட்டி முடித்திருந்த மில்டவுன் அணைக்குப் பின்னால் சேர்த்தது வெள்ளம். தூரம் சுமார் 190 கிலோமீட்டர்! போகிற வழியெல்லாம் இரண்டு கரையிலும் பூசிவிட்டும் போனது. அணைக்குப் பின்னால் சேர்ந்த சேறு எழுபது வருஷத்துக்கு மேல் யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்தது. 1981-இல் மில்டவுன் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. 2008-இல் அணையை உடைத்தார்கள். விஷச் சேற்றை ரயிலில் ஏற்றி அனகோண்டா பக்கத்திலேயே ஓர் ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த ஊரின் பெயர் ஆப்பர்ச்சூனிட்டி, அதாவது 'வாய்ப்பு'. ஒரு ஊர்க் குப்பை இன்னொரு ஊருக்கு வாய்ப்பாகிவிட்டது!

சரி, பூச்சி எங்கே என்று கேட்கிறீர்கள். வந்துவிட்டேன்.

ஆறு கெட்டுப்போயிற்றா என்று பார்க்கத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே நடந்ததைப் பாருங்கள். வெயில் காலத்தில் கரையோரக் கழிவு காய்ந்து, அதன் மேல் செம்பு உப்பு பூத்து நிற்கும். ஆற்றுத் தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி ஓடும். பிறகு ஒரு நாள் இடி மழை பெய்து, அந்த உப்பு முழுவதும் சில மணி நேரத்தில் ஆற்றில் இறங்கும். 1989-இல் அப்படி ஒரு மழையில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. முந்தின நாள் பாட்டிலில் பிடித்தவனுக்கு ஆறு சுத்தம். ஒரு வாரம் கழித்துப் பிடித்தவனுக்கும் பாதி சுத்தம். நம் கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில் மெஸ் சாம்பாரைச் சோதிக்கிற மாதிரிதான் இது.

ஆனால் ஆற்றின் அடியில், கல்லுக்குக் கல் வலை பின்னிக்கொண்டு ஒரு புழு உட்கார்ந்திருக்கிறது. கேடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் அது. ஹைட்ரோசைக்கி என்ற வகை. ஏறக்குறைய வருஷம் முழுக்க அதே ஆற்றில்தான் குடித்தனம். தண்ணீரில் மிதந்து வருகிற துகளை வலையில் பிடித்துத் தின்கிறது. துகளோடு சேர்ந்து செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாம் உடம்புக்குள் போய்ச் சேர்கின்றன. மழை வந்த அன்றும் அது அங்கேயே இருந்தது, வராத அன்றும் இருந்தது. சாட்சி என்றால் அது சாட்சி! அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சாமுவேல் லுவோமா, டேனியல் கெய்ன் முதலானவர்கள் 1980-களின் நடுவிலிருந்து இந்தப் புழுவைப் பிடித்து, காய வைத்து, அமிலத்தில் கரைத்து, ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் உலோகம் என்று அளந்தார்கள். சுரங்கத்துக்குக் கிட்டே அதிகம், கீழே போகப் போகக் குறைவு. ஆறு ஒளித்து வைத்திருந்ததைப் பூச்சி வரைபடமாகவே போட்டுக் கொடுத்துவிட்டது.

மீன் தின்பது இந்தப் பூச்சிகளைத்தானே? அந்த ஆற்றுப் பூச்சிகளையே பிடித்து ரெயின்போ டிரவுட் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1994-இல் அந்த முடிவு வெளிவந்தது. சுத்தமான இடத்துப் பூச்சியைத் தின்ற குஞ்சுகளைவிட இவை குறைவாகவே வளர்ந்தன, குறைவாகவே பிழைத்தன. இறக்கை முளைத்துப் பறக்கும்போது உலோகத்தில் ஒரு பகுதியைப் பூச்சி தோலோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிடுகிறது. மிச்சம் சிலந்திக்கும் பறவைக்கும் போகிறது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. மேஃப்ளை என்று இன்னொரு பூச்சி இருக்கிறது. வளர்ந்தபின் ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். அதன் இளம்பருவம் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பாசியோ உலோகத்தை ஒட்டடை மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும். கேடிஸ் புழு தன் உடம்புக்குள் வருகிற உலோகத்தை ஒருவகைப் புரதத்தோடு கட்டிப்போட்டுவிட்டுச் சமாளிக்கிறது. மேஃப்ளை வகைகள் பலவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ஆகவே மோசமான இடத்தில் போய் வலை போட்டால் கேடிஸ் கிடைக்கும், அந்த மேஃப்ளை கிடைக்காது. கிடைத்ததை மட்டும் அளந்துவிட்டு "பூச்சி நல்லாத்தானே இருக்கு" என்று வந்துவிடலாம். அளக்க முடியாமல் போனவற்றின் கணக்கு எந்த மெஷினிலும் வராது.

இதை ஒரு நாள் போனில் பாட்டியிடம் சொன்னேன். பூச்சிக் கதை என்று சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல மூச்சுக்கு கேம்ப் போட்டாங்கடா. வந்தவன் எல்லாம் நடந்து வந்தவன். நடக்க முடியாதவன் வூட்டுக்கு யாரு போனாங்க?" என்றார். பாட்டியின் தம்பி நாற்பத்து மூன்று வயதில் இருமியே போனவர்.

செமினார் நன்றாகவே போயிற்று. கைதட்டல்கூட வந்தது. வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது. கேள்வி நேரத்தில் சார் சும்மா இருக்காமல், "உங்க ஊர்ல யாராவது இப்படிப் பார்த்திருக்காங்களாடா?" என்று கேட்டுவிட்டார்.

செமஸ்டர் லீவில் மூன்று பேர் கிளம்பினோம். நான், என் ரூம்மேட், 'சயின்டிஸ்ட்' என்று பெயர் வாங்கிய இன்னொருவன் (அவனுக்கு ஆறு அரியர்ஸ்). ஜோலார்பேட்டை வழியாகப் பங்காரப்பேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம் போகிற வண்டி. பாட்டியின் மாவுச் சல்லடையைத் திருடிக்கொண்டு கால்வாயில் இறங்கினோம். கேடிஸ் இல்லை, மேஃப்ளை இல்லை. சேற்றைக் கிண்டினால் நூல் மாதிரி சிவப்புப் புழுக்கள்! நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அவற்றுக்கும் உண்டாம், அதனால்தான் அந்தச் சிவப்பு. காற்று குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கும். இருநூறு புழு எண்ணி எடுத்தோம். பாட்டி வீட்டுத் துத்தநாக வாளியில் கால்வாய்த் தண்ணீரோடு விட்டு, மேலே துணி கட்டி, ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் அதே வாளியோடு ரயிலேறினோம். (இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதே கெமிக்கல் பிரிவு நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது எங்கள் மூன்று தலையிலும் ஒன்றும் உறைக்கவில்லை.)

இருநூறு புழுவும் ஓவனில் காய்ந்தபின் கால் கிராம்கூடத் தேறவில்லை. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, 25 மில்லிக்குக் கொண்டுவந்தோம். நம்மிடம் அடாமிக் அப்சார்ப்ஷன் மெஷின் ஏது? சார் சொல்லிப் பக்கத்து ஊர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரு மத்தியானம் கிடைத்தது. செம்புக்கு 324.8 நானோமீட்டர் விளக்கு. சுமாராக ஏதோ காட்டியது. துத்தநாகத்துக்கு 213.9. முள் எகிறியது என்று சொல்ல ஆசை. அது டிஜிட்டல் மெஷின், எண் எகிறியது! மூன்று தடவை தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போகச் செய்த பிறகுதான் அளவுக்குள் அடங்கியது.

அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. தப்பான எண் ஒன்று அச்சில் ஏறிவிட்டால் அதை யாராவது எங்கேயாவது எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

சயின்டிஸ்ட் உடனே காரணமும் கண்டுபிடித்துவிட்டான். சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைத் திரும்பப் பிரிக்கத் துத்தநாகத் தூள் போடுவது உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள முறை. "அந்தத் துத்தநாகம்தாண்டா மேட்டுல இருக்கு, அதான் புழுவுக்குள்ள வந்திருக்கு!" எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். பொருந்தியதால்தான் ஏமாந்தோம். அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் லைனில் ஒரு மாமா நாலு பேரைக் கூட்டி மனு எழுதுகிறவர். 2024-இல் மேடுகளைத் திரும்பத் தோண்டித் தங்கம் எடுக்கக் கர்நாடக அரசு இசைவு கொடுத்ததிலிருந்து அவருக்கு ராத்திரித் தூக்கமில்லை. "நம்பர் இருக்கா உன்கிட்ட? நம்பர்தாண்டா வேணும்!" என்றார். சொன்னேன். கால்வாய்ப் புழுவுக்குள் விஷம் என்றும் சொன்னேன். 'விஷம்' என்ற வார்த்தை மெஷின் சொன்னது இல்லை. அதை நான்தான் சேர்த்தேன்.

திங்கட்கிழமை ரிசல்ட்டை சார் முன்னால் வைத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிளாங்க் எங்கேடா?"

பிளாங்க் போடவில்லை.

"எதுல புழுவைக் கொண்டாந்தீங்க?"

வாளி என்றேன். என்ன வாளி என்றார். சொல்லும்போதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சார் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அதே வாளியில டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, ஒரு ராத்திரி வை. புழு போடாம மத்ததெல்லாம் அப்படியே செஞ்சு எடுத்துட்டு வா." செய்தோம். புழுவே இல்லாத தண்ணீரிலும் துத்தநாகம் கொட்டிக் கிடந்தது. டிஸ்டில்டு வாட்டருக்கே இப்படி என்றால், உப்பும் அழுக்கும் கலந்த கால்வாய்த் தண்ணீர் அந்த வாளியை எப்படிச் சுரண்டியிருக்கும்?

அதோடு போகவில்லை. "புழு வயித்துல இருந்த சேத்தை என்ன பண்ணீங்க?" என்றார். சேற்றையே தின்கிற புழு அது. வயிற்றைக் காலிசெய்ய விடாமல் கரைத்தால் அளப்பது புழுவை இல்லை, சேற்றை. "மேஃப்ளை இல்லைன்னு எழுதியிருக்கியே, அந்த மாதிரி தேங்கின கால்வாய் மேடே இல்லாத ஊர்ல இருந்தா அதுல கேடிஸும் மேஃப்ளையும் இருக்குமா?" இருக்காது. பல வகை மேஃப்ளைக்கும், வலை கட்டுகிற கேடிஸுக்கும் ஓடுகிற தண்ணீரும் காற்றும் வேண்டும். மொன்டானாக்காரர்கள் கழிவு படாத கிளை ஆறுகளிலும் போய் அதே பூச்சியைப் பிடித்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. செமினாரில் அந்த ஸ்லைடைக் கைதட்டலுக்காக வேகமாகத் தள்ளிவிட்டவன் நான்.

அந்த வாரமே பாட்டி போன் செய்தார். கீரைக்கார அத்தையிடம் லைனில் யாரும் கீரை வாங்குவதில்லையாம். ஆண்டர்சன்பேட்டை சந்தைக்கும் விஷயம் போய்விட்டதாம். "உங்க பேரன்தான் சொன்னானாமே" என்று அத்தை வந்து கேட்டுவிட்டு, அழாமல், திட்டாமல் போனாராம். அவருக்கு அந்தக் கீரையைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

மறுபடி ரயிலேறினேன். இந்தத் தடவை தனியாக. முதலில் மனு மாமாவிடம் போனேன். "தப்பாயிடுச்சு மாமா, அந்த நம்பரைப் போடாதீங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யார்ரா உன்னை மிரட்டினது?" என்றார். வாளி என்று எவ்வளவோ சொன்னேன். யாரோ காசு கொடுத்துவிட்டதாகத்தான் அவர் கடைசி வரை நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார். மனுவில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். அது போதும் என்று வந்தேன்.

அத்தை கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப விஷம் இல்லைன்னு சொல்றியா?"

"அதுவும் தெரியாது அத்தை."

"இருக்குன்னும் தெரியாது, இல்லைன்னும் தெரியாது. பின்னே இன்னாத்துக்குடா படிக்கிறே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் இப்படி வாயடைத்து நின்றதில்லை. லைனில் ஒவ்வொரு வீடாகப் போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது "கீரை நல்ல கீரைதான், வாங்குங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடலாமா என்று நாக்கு துடித்தது. அத்தைக்காகவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை ஒரு வார்த்தையைச் சேர்த்துத்தானே இவ்வளவும்? சொல்லவில்லை. இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள்.

ராத்திரி திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். தாத்தா மைன்ஸில் இருபத்தாறு வருஷம். பூமிக்குள்ளே கொஞ்ச காலம், மீதியெல்லாம் அசே ஆபீஸில் எடுபிடி. கல்லை உடைத்து, அரைத்து, குவித்து, நாலாகப் பிரித்து, மூசையில் போட்டு உருக்கி, அதில் எத்தனை தங்கம் என்று பார்க்கிற இடம் அது. இத்தனை வருஷமாக அது ஏதோ கூலி வேலை என்றே நினைத்திருந்தேன்.

"வெறும் மூசை ஒண்ணு வைக்கலியா நீ?" என்றார்.

"என்ன தாத்தா?"

"கல்லே போடாம, மத்த மருந்தெல்லாம் போட்டு ஒரு மூசையைக் கூடவே உலைக்குள்ள வைப்போம். உருக்கறதுக்குப் போடற ஈயத்தூள்லயே துளி வெள்ளி இருக்கும். அது எவ்ளோன்னு பார்த்துக் கழிக்கலேன்னா, கல்லுல இருந்துதுன்னு எழுதிப்புடுவே. மறந்தா அன்னிக்கு அவ்ளோதான், தொரை தாளைக் கிழிச்சு மூஞ்சியில வுடுவாரு."

மூன்று வருஷமாக டிப்ளமா படிக்கிறேன். பிளாங்க் என்றால் என்ன என்பதை லேப் ரெக்கார்டில் அழகாக எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். எட்டாவது தாண்டாத தாத்தா வெற்றிலையை மென்றுகொண்டே சொல்கிறார்! கோபம் வந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "நீ எங்கடா கேட்டே? பாட்டி சல்லடையைக்கூட கேக்காமத்தான் எடுத்தே" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்த வெள்ளைக்காரன் ஊர் ஆத்துல புழு பிடிச்சானே, எத்தினி வருஷம் பிடிச்சான்?" முப்பது வருஷத்துக்கு மேலே என்றேன். "உம். நீ ஒரு ராத்திரி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் வண்டிக்குக் கிளம்பும்போது தாத்தாவும் கூடவே வந்தார். அத்தை வீட்டு வாசலில் நின்று ஏதோ பேசினார். அத்தை உள்ளே போய் ஒரு கட்டு கீரையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "உன் மெஷின்ல இதையும் போட்டுப் பாரு. எது வந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு, ஊருக்கு அப்புறம் சொல்லு." பங்காரப்பேட்டையில் வண்டி மாறுகிற இடத்தில் தாத்தா வெளியே போய், மார்க்கெட்டில் அதே கீரையில் இன்னொரு கட்டு வாங்கி வந்தார். "இது எந்த ஊர்க் கீரைன்னு கேட்டு எழுதிக்கோ" என்று ஊர்ப் பெயரையும் சொன்னார். பிறகு, கையோடு கொண்டுவந்திருந்த காலிப் பிளாஸ்டிக் பை ஒன்றையும் கட்டி, அதையும் கொடுத்தார்.

இதை எழுதுகிற இன்று மூன்று பொட்டலமும் லேப் டெசிகேட்டரில் இருக்கின்றன. மூன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்ஜினியரிங் கல்லூரியில் மெஷின் ரிப்பேராம். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையிடம் வியாழன் ராத்திரி போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.